எட்டாவதா வந்தவங்களுக்கு எதுக்குடா தனிப் பக்கம்?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல ஒரு கொசுவத்தியும் உண்டு. ஆணி அதிகமா இருக்கிறவங்க சாயந்திரம் வந்து படிங்க.

போன ஞாயித்துக்கிழமை ஊத்துக்கோட்டையில வீட்டுல இருந்தேன். அக்கா பொண்ணு எட்டாவது படிக்கிறா. பள்ளிக்கூடத்துல 400 மீட்டர் ஓடுறா. "தமிழ்நாட்டு விளையாட்டு வீரர்கள்"னு ஏதோ செயல்திட்டம் எழுதச் சொல்லியிருக்காங்களாம், என் மடிக்கணினியை எடுத்து வெச்சுக்கிட்டு தேடிக்கிட்டு இருந்தா. பத்து நிமிஷம் கழிச்சு ஒரு கேள்வி வந்துச்சு.

"மாமா, இவங்க எட்டாவதுன்னு போட்டிருக்கு. எத்தனை பேர்ல எட்டாவது?"

எட்டிப் பார்த்தேன். டோக்கியோ ஒலிம்பிக், கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டம், தகுதிச் சுற்று முடிவு அட்டவணை. இந்தியா, 3 நிமிடம் 19.93 விநாடி, எட்டாவது. அந்தச் சுற்றுல கடைசி.

"எட்டு அணியில எட்டாவதும்மா."

"அப்போ கடைசியா? கடைசியா வந்தவங்களை எழுதலாமா மாமா, மிஸ் மார்க்கு போடுவாங்களா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. எழுதலாம்னு சும்மா சொல்லிட்டு டீ குடிக்கக் கிளம்பிட்டேன். அங்கதான் வெச்சான் ஆப்பு, நம்ம நண்பன். என்கூடப் படிச்சவன், இப்போ கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில தரக் கட்டுப்பாடு பார்க்கிறான். இந்தக் கதையைச் சொன்னதும் சிரிச்சான்.

"மச்சி, கலைக்களஞ்சியம்னா என்னடா? பெரிய ஆளுங்களைப் பத்தி எழுதுறது. எட்டாவதா வந்தவங்களுக்கெல்லாம் தனிப் பக்கம் போட்டா அது கலைக்களஞ்சியம் இல்ல, வாக்காளர் பட்டியல். எங்க கம்பெனியில ரிஜெக்ட் ஆன பீஸை ஷோகேஸ்லயா வைக்கிறோம்?"

டீ ஆறிப்போச்சு. மூணு நாளா இது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அவனுக்கு நேர்ல ஒழுங்கா பதில் சொல்ல வரல. அதான் இங்க எழுதுறேன்.

முதல்ல எதிராளி பக்கத்தைச் சொல்லிடுறேன்

இது டீக்கடைச் சண்டை மட்டும் இல்லைங்க. ஆங்கில விக்கிப்பீடியாவுல பல வருஷமா ஓடின சண்டை. அங்க முன்னாடி ஒரு விதி இருந்துச்சு. ஒலிம்பிக்ல கலந்துகிட்டாலே போதும், அவர் தனிக் கட்டுரைக்குத் தகுதியானவர்னு எடுத்துக்கலாம். 2021ல அதை மாத்தினாங்க. பதக்கம் வாங்கினவங்களுக்கு மட்டும்தான் அந்த முன்கூட்டிய அனுமானம். மத்தவங்களைப் பத்தி எழுதணும்னா, நம்பகமான இடத்துல அவங்களைப் பத்தி விரிவா எழுதியிருக்காங்கன்னு காட்டணும். 2022ல மத்த விளையாட்டுகளுக்கும் "கலந்துகிட்டாலே போதும்" வகை விதிகளை எடுத்துட்டாங்க.

ஏன் மாத்தினாங்க? காரணம் நியாயமானதுதான். ஒரு அட்டவணையை எடுத்து வெச்சுக்கிட்டு, "இன்னார் இந்த வருஷம் பிறந்தார், இந்த ஒலிம்பிக்ல இந்தப் போட்டியில கலந்துகிட்டார்"னு ஆயிரக்கணக்குல ஒருவரிக் கட்டுரைகளை சிலர் ஏத்தித் தள்ளினாங்க. அதுல மனுஷனே இல்ல. பேரு, தேதி, புள்ளி. அவர் உயிரோட இருக்காரா இல்லையான்னுகூட தெரியாது. தப்பு இருந்தா திருத்த ஆளில்ல. நம்ம தொழில்ல சொல்லணும்னா, இது ஆவணம் இல்ல, தரவுத்தள டம்ப். ஒவ்வொரு வரிசையையும் ஒரு பக்கமா அச்சடிச்சா அதுக்குப் பேரு கலைக்களஞ்சியமா? கிடையாது. இந்த இடத்துல நண்பனுக்கு ஒரு சபாஷ்.

ஆனா நோய்க்கு மருந்து கொடுக்கிறேன்னு ஆளையே அனுப்பிவிட்ட கதையா, "பதக்கம் வாங்கினாயா, உள்ள வா; இல்லையா, வாசல்ல நின்னு ஆதாரம் காட்டு"ங்கிறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. ஒருவரிக் கட்டுரை பிரச்சினைன்னா ஒருவரிக் கட்டுரையைத் தடுங்க. மூணாவது இடத்துக்கும் நாலாவது இடத்துக்கும் நடுவுல கோடு போட்டா அது எப்படித் தீரும்? பதக்கம் வாங்கினவரைப் பத்தியும் ஒரே வரி எழுத முடியும். எட்டாவதா வந்தவரைப் பத்தி எட்டுப் பக்கம் எழுதவும் முடியும்.

இடம்ங்கிறது எதை அளக்குது?

டோக்கியோவுக்கே திரும்ப வருவோம். 2021 ஆகஸ்ட்ல ஆண்கள் 4x400 தொடர் ஓட்டம். முகமது அனஸ், நோவா நிர்மல் டாம், ஆரோக்ய ராஜீவ், அமோஜ் ஜேக்கப். 3 நிமிடம் 00.25 விநாடி. ஆசிய சாதனை. அதுவரைக்கும் ஆசியாவுல எந்த நாடும் அவ்வளவு வேகமா ஓடினதில்ல. இடம்? ஒட்டுமொத்தமா ஒன்பதாவது. இறுதிப் போட்டிக்கு எட்டு அணிதான், அதனால வீட்டுக்கு வந்துட்டாங்க.

ஒரு கண்டம் முழுக்க அதுவரை ஓடினதுல அதிவேகமான நாலு பேர். நம்ம விதிப்படி அவங்க "பதக்கம் இல்லாத, இறுதிப் போட்டிக்குக்கூட வராத" ஆளுங்க.

அடுத்து இதைக் கேளுங்க. தொடர் ஓட்டத்துல தகுதிச் சுற்றுல மட்டும் ஓடிட்டு, இறுதிப் போட்டி அன்னிக்கு உக்காந்து கைதட்டினவருக்கும் அணி ஜெயிச்சா பதக்கம் உண்டு. தப்பே இல்ல, ஓடியிருக்கார், வாங்கிக்கட்டும். ஆனா வலுவான நாட்டோட மாற்று ஆட்டக்காரர் ஒரே ஒரு சுற்று ஓடினா விதிக்குள்ள வந்துடுறார். அதே தடத்துல, அதே சுற்றுல ஆசிய சாதனை வெச்ச லால்குடிக்காரர் ஆரோக்ய ராஜீவ் வெளியே நிக்கிறார். இந்த விதி அளக்கிறது ஓடின மனுஷனையா, அவர் பாஸ்போர்ட்டையா?

சரி, கலப்பு அணி. அந்த நாலு பேர் யாருன்னு பார்த்தீங்களா? முகமது அனஸ் கேரளா. மீதி மூணு பேரும் தமிழ்நாடு. ரேவதி வீரமணி, மதுரை பக்கம் சக்கிமங்கலம். சுபா வெங்கடேசன், திருச்சி திருவெறும்பூர். ஆரோக்ய ராஜீவ். ஒலிம்பிக்ல இந்தியான்னு எழுதின சட்டையோட ஓடின நாலு பேர்ல மூணு பேர் நம்ம பேச்சைப் பேசுறவங்க. இது நடந்தது 2021 ஜூலை 30. அன்னிக்கு நம்மள்ல எத்தனை பேர் பார்த்தோம்? நான் பார்க்கல. ஆணி புடுங்கிக்கிட்டு இருந்தேன்.

தங்கம் வாங்கின போலந்து இறுதிப் போட்டியில ஓடினது 3:09.87. நம்ம ஆளுங்க தகுதிச் சுற்றுல ஓடினது 3:19.93. பத்து விநாடி வித்தியாசம். நாலு பேருக்குப் பங்கு போட்டா ஆளுக்கு ரெண்டரை விநாடி. அந்த ரெண்டரை விநாடிக்குள்ள என்னென்ன இருக்கு? ரேவதி சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்தவர். அவரையும் தங்கச்சியையும் வளர்த்தது கூலி வேலை செஞ்ச பாட்டி. பொண்ணுங்களை வேலைக்கு அனுப்பு, கட்டிக்கொடுன்னு சொந்தக்காரங்க நெருக்கினப்போ முடியாதுன்னு நின்ன கிழவி அவங்க. ஆரம்பத்துல வெறுங்காலோட ஓடினவர் ரேவதி. அந்த ஓட்டத்தைப் பார்த்து, பயிற்சிக்கு அனுப்புங்கன்னு பாட்டிகிட்ட போய்ப் பேசினவர் பயிற்சியாளர் கண்ணன்.

அட்டவணையில இது எதுவும் கிடையாது. "8" மட்டும்தான்.

மன்னிப்புக் கேட்ட வாள்

இன்னொருத்தர். பழைய வண்ணாரப்பேட்டை பவானி தேவி. ஊத்துக்கோட்டையில பஸ் ஏறி, பெரியபாளையம், ஜனப்பன்சத்திரம், செங்குன்றம்னு இறங்கி வந்தா நாங்க போய்ச் சேர்ற வடசென்னைதான். வாள்வீச்சுன்னா நமக்கு எம்ஜிஆர், நம்பியார். அதை விளையாட்டா எடுத்து, சேபர் பிரிவுல ஒலிம்பிக் வரைக்கும் போன முதல் இந்தியர் இவர். முதல் பெண் இல்லைங்க, முதல் இந்தியர். ஆண்கள்லயும் அதுக்கு முன்னாடி யாரும் போனதில்ல.

டோக்கியோவுல முதல் ஆட்டத்துல துனிசியாவோட நாடியா பென் அசிசியை 15-3ன்னு அடிச்சார். அடுத்த ஆட்டத்துல பிரான்சோட மனோன் புருனேகிட்ட 7-15ன்னு தோத்தார். அந்த புருனேதான் அந்த ஒலிம்பிக்ல வெண்கலம். தோத்த அன்னிக்கு பவானி தேவி ட்விட்டர்ல மன்னிப்புக் கேட்டார்.

கொஞ்சம் யோசிங்க மக்களே. நூறு கோடிக்கு மேல சனங்க இருக்கிற நாட்டுல, அதுக்கு முன்னாடி ஒருத்தர்கூட போகாத இடத்துக்குப் போய், ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டு வந்த பொண்ணு, நம்மகிட்ட மன்னிப்புக் கேக்குது. யார் கேக்க வெச்சது? "பதக்கம் இல்லேன்னா நீ ஒண்ணும் இல்ல"ன்னு சொல்ற நம்ம புத்தி. அந்தப் புத்தியைத்தான் இப்போ கலைக்களஞ்சியத்துக்கும் விதியா எழுதலாம்னு சொல்றான் நண்பன்.

நேத்ரா குமணனும் அப்படித்தான். பாய்மரப் படகுப் போட்டிக்கு ஒலிம்பிக் தகுதி வாங்கின முதல் இந்தியப் பெண், சென்னைக்காரர். டோக்கியோவுல 44 பேர்ல 35வது. மூணு வருஷம் கழிச்சு பாரிஸ்ல 21வது. 35ங்கிற எண்ணை மட்டும் பார்த்து கடாசிட்டா, 35ல இருந்து 21க்கு வந்த பாதை எங்க பதிவாகும்?

பதக்கக் கணக்கும் பாஸ்போர்ட் கணக்கும்

2024 பாரிஸ் முடிய இந்தியா ஒலிம்பிக்ல வாங்கின மொத்தப் பதக்கம் 41. நூத்துச் சொச்சம் வருஷத்துல. அதுல ஹாக்கி அணியை எடுத்துட்டா மீதி ரொம்பக் கொஞ்சம். இலங்கைக்கு ரெண்டே ரெண்டு. 1948ல டங்கன் வைட், 2000ல சுசந்திகா ஜயசிங்க. பதக்கம்தான் கதவுன்னா இலங்கையோட மொத்த ஒலிம்பிக் வரலாறும் ரெண்டு பக்கத்துல முடிஞ்சுடும்.

அப்போ நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை என்ன பண்ணுவீங்க? யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். உயரம் தாண்டுதல். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன், ரெண்டு ஒலிம்பிக் போனார். பதக்கம் இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு 1958ல டோக்கியோ ஆசிய விளையாட்டுல 2.03 மீட்டர் தாண்டி தங்கம் வாங்கினார். இலங்கைக்கு ஆசிய விளையாட்டுல கிடைச்ச முதல் தங்கம் அது. வாங்கிக் கொடுத்தது ஒரு யாழ்ப்பாணத் தமிழர். அந்த நாட்டோட அரசியல் அந்த வருஷங்கள்ல எங்க போய்க்கிட்டு இருந்துச்சுன்னு தெரிஞ்சவங்களுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு கனம்னு புரியும். 1952ல பதக்கம் இல்லாம வந்த பையன் கதை இல்லாம 1958 தங்கத்தோட கதையை எப்படி எழுதுவீங்க?

"டேய், அவருக்குத்தான் ஆசிய தங்கம் இருக்கே, ஆதாரம் காட்டினா உள்ள விடுவாங்களே"ன்னு கேப்பீங்க. சரிதான். விடுவாங்க. ஆனா ஆதாரம் எங்க இருக்கு? அமெரிக்காவுல சின்ன ஊர் பத்திரிகைகூட நூறு வருஷப் பழசை வலையேத்தி வெச்சிருக்கு. அவங்க ஊர்ல நாப்பதாவது வந்தவனுக்கும் ஒரு சொடுக்குல ஆதாரம் வந்துடும். நம்ம பக்கம்? 1950கள்ல வந்த தமிழ்ப் பத்திரிகைகள் பெரும்பாலும் நூலகத்துல கயிறு போட்டுக் கட்டி வெச்சிருக்கு, பலது கரையானுக்குப் போயாச்சு. யாழ்ப்பாணத்துல நூலகமே 1981ல எரிஞ்சுபோச்சு. "ஆதாரம் காட்டு"ங்கிறது எல்லாருக்கும் ஒரே விதி மாதிரிதான் தெரியும். ஆதாரம் அழிஞ்ச ஊர்க்காரனுக்கு அது ஒரே விதி இல்லைங்க.

ஒலிம்பிக் ஒரு நாள், மனுஷன் ஒரு ஆயுசு

அந்தக் கால சென்னை மாகாணத்துக் கண்ணூர்க்காரர் சி.கே. லக்ஷ்மணன். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ல 110 மீட்டர் தடை ஓட்டம் ஓடினார். பதக்கம் இல்ல. டாக்டருக்குப் படிச்சு, ராணுவ மருத்துவத்துல இருந்து, சுதந்திர இந்தியாவுல சுகாதாரப் பணிகளோட தலைமை இயக்குநரா உக்காந்தார்.

ஆரதி சாஹா. 1952 ஹெல்சிங்கிக்குப் போனப்போ 11 வயசுப் பொண்ணு. நீச்சல்ல முதல் சுற்றோட சரி. ஏழு வருஷம் கழிச்சு 1959ல ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்.

ரெண்டு பேரையும் ஒலிம்பிக் இடத்தை வெச்சு அளந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? கலைக்களஞ்சியம் எழுதுறவன் ஒரு மனுஷனோட ஆயுசை எழுதணும். ஒலிம்பிக் அதுல ஒரு பத்தி. அந்தப் பத்தியோட கடைசி வரிதான் இடம். கடைசி வரியை வெச்சு முழுக் கட்டுரையையும் கிழிக்கிறது என்ன நியாயம்?

"கோமாளி"களுக்கு மட்டும் இடம் உண்டு

இப்போ ஒரு வேடிக்கை. 2000 சிட்னியில எக்குவடோரியல் கினி நாட்டு எரிக் முசம்பானி 100 மீட்டரை 1 நிமிடம் 52.72 விநாடியில நீந்தினார். கூட நீந்த வேண்டிய ரெண்டு பேரும் தப்பா குதிச்சு வெளியேறிட்டாங்க, தனியா தத்தளிச்சு முடிச்சார். உலகமே பார்த்துச்சு. 2024 பாரிஸ்ல ஆஸ்திரேலியாவோட ரேச்சல் கன், பிரேக் நடனத்துல ஆடின மூணு ஆட்டத்துலயும் ஒரு புள்ளிகூட வாங்கல. உலகமே சிரிச்சுச்சு. இவங்க ரெண்டு பேருக்கும் கட்டுரை உண்டான்னு யாரும் கேக்க மாட்டாங்க. பக்கம் பக்கமா ஆதாரம் இருக்கே.

ரெண்டு பேருக்கும் இடம் இருக்கட்டும், எனக்கு வயித்தெரிச்சல் இல்ல. முசம்பானி மேல பெரிய மரியாதையே உண்டு. 50 மீட்டர் நீளக் குளத்தையே சிட்னியிலதான் முதல்முறையா பார்த்தவர் அவர். என் கேள்வி வேற. ஜெயிச்சாலும் இடம், பார்க்கிறவன் சிரிக்கிற மாதிரி தோத்தாலும் இடம். ஒழுங்கா, அடக்கமா, தன்னால முடிஞ்ச அளவு நல்லா ஓடி எட்டாவதா வந்தா இடம் கிடையாதா? இது சாதனையை அளக்கிற கோல் இல்ல. செய்தியாளன் கண்ணுல பட்டாயாங்கிற கோல்.

நம்ம தாத்தாக்கள் என்ன பண்ணாங்க?

நண்பன் சொன்ன "பெரிய ஆளுங்களைப் பத்தி எழுதுறது"ங்கிற இலக்கணத்தை எங்க இருந்து எடுத்தான்னு தெரியல. நம்ம ஊர் இலக்கணம் அது இல்ல.

1910ல வெளிவந்த அபிதான சிந்தாமணியைப் புரட்டிப் பாருங்க. சிங்காரவேலு முதலியார்னு ஒரு தமிழாசிரியர், தனி ஆளா பல வருஷம் உக்காந்து தொகுத்தது. ராமனும் தருமனும் மட்டுமா அதுல இருக்காங்க? புராணத்துல எங்கயோ ஒரு மூலையில தலைகாட்டுற முனிவருக்கும், பேரு மட்டும் தெரிஞ்ச அரசனுக்கும், அரக்கனோட சேவகனுக்கும் பதிவு உண்டு. சிலதுக்கு ஒன்றரை வரி. "இவன் என்ன பெரிய ஆளா"ன்னு முதலியார் கேக்கல. படிக்கிறவன் ஒருநாள் இந்தப் பேரைத் தேடி வருவான், அவனுக்கு பதில் இருக்கணும். அவ்வளவுதான் அவர் கணக்கு.

அதுக்கும் பின்னாடி போங்க. சங்கப் பாட்டைத் தொகுத்தவங்க கையில ஒரு பாட்டு இருக்கு, எழுதினவர் பேரு இல்ல. என்ன பண்ணாங்க? பாட்டுல வர்ற தொடரையே எடுத்து ஆளுக்குப் பேரா வெச்சாங்க. செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார். ஒரே ஒரு பாட்டு, ஊர் தெரியாது, பேரு தெரியாது, இருந்தாலும் அந்த ஆளை விடலை. ரெண்டாயிரம் வருஷமா வரிசையில உக்கார வெச்சிருக்கோம். இங்க என்னடான்னா பேரு தெரியும், ஊர் தெரியும், விநாடியில நூறுல ஒரு பங்கு வரைக்கும் நேரம் தெரியும். ஆனா "எட்டாவதாச்சே"ன்னு இழுக்கிறோம்.

சரி, கோடு எங்க போடலாம்?

எல்லாரையும் உள்ள விடுன்னு சொல்றேனா? இல்ல. சொன்னா நண்பன் கேக்கிற மாதிரி வாக்காளர் பட்டியல்தான் ஆகும். இப்போ கொசுவத்தி.

ஒன்பதாவது படிக்கும்போது நானும் 1500 மீட்டர் ஓடினவன்தான். ஆரணியாத்துல தண்ணி இல்லாத மாசங்கள்ல மணல்ல ஓடிப் பழகினோம். மாவட்டப் போட்டிக்குப் போனேன். கடைசி. எனக்கு முன்னாடி ஓடினவன் முடிச்சு, தண்ணி குடிச்சு, சட்டை மாத்தினதுக்கு அப்புறம் நான் வந்து சேர்ந்தேன். என் நேரத்தை யாரும் குறிக்கக்கூட இல்ல. கடிகாரத்தை நிறுத்திட்டாங்க. எனக்குக் கலைக்களஞ்சியத்துல பக்கம் வேணுமா? வேணாங்க, சாமி சத்தியமா வேணாம். என்னைப் பத்தி எழுத இந்த ஒரு பத்திக்கு மேல சரக்கே கிடையாது.

அதான் என் கோடு. இடத்தைப் பார்க்காதீங்க, சரக்கைப் பாருங்க. மூணே கேள்வி.

ஒண்ணு, அந்த ஆளைப் பத்தி வேற ரெண்டு மூணு பேர், அவருக்குச் சம்பந்தமில்லாதவங்க, விரிவா எழுதியிருக்காங்களா? எந்த மொழியா இருந்தாலும் சரி, வலையில இருந்தாலும் நூலகத்துல இருந்தாலும் சரி.

ரெண்டு, அட்டவணையில இல்லாத ஏதாவது ஒண்ணு அந்தக் கட்டுரையில இருக்குமா?

மூணு, அந்தக் கட்டுரை இல்லேன்னா வேற ஏதாவது புரியாமப் போகுமா? பவானி தேவி இல்லாம இந்திய வாள்வீச்சு வரலாறு இல்ல. ரேவதியும் சுபாவும் இல்லாம தமிழ்நாட்டுப் பெண்கள் 400 மீட்டர் ஓட்டத்தோட கதை இல்ல.

மூணுக்கும் ஆமான்னா, இடம் 8 ஆனா என்ன, 80 ஆனா என்ன, தனிப் பக்கம். மூணுக்கும் இல்லேன்னா, "டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா" பக்கத்துல மரியாதையா ஒரு வரி போதும். நாகநாதன் பாண்டி மாதிரி விளிம்புல நிக்கிறவங்களும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்துல இருந்து, காவல்துறை வேலையில இருந்துக்கிட்டே டோக்கியோ தொடர் ஓட்ட அணிக்குத் தேர்வானவர். அணியில இருந்தார், ஆனா அந்த ஓட்டத்துல இறங்க வாய்ப்பு வரல. இடமே இல்லாதவர். மூணு கேள்வியையும் அவருக்கும் கேளுங்க. பதில் கிடைச்சா எழுதுங்க, கிடைக்கலேன்னா அணிப் பக்கத்துல வைங்க. "ஓடவே இல்லையே"ன்னு ஒரே வார்த்தையில தள்ளாதீங்க.

"ஒலிம்பீடியாவுல ஒவ்வொரு ஒலிம்பிக் வீரருக்கும் பக்கம் இருக்கே, அப்புறம் என்ன"ன்னு கேக்கலாம். இருக்கு. ஒலிம்பிக் வரலாற்று ஆர்வலர்கள் கட்டின அருமையான தளம். ஆனா ஆங்கிலம். சக்கிமங்கலம் எங்க இருக்கு, அந்தப் பாட்டி என்ன வேலை செஞ்சாங்கன்னு எங்க அக்கா பொண்ணுக்குத் தமிழ்ல யார் சொல்றது? தமிழ் விக்கிப்பீடியா 2003ல ஆரம்பிச்சது, இப்போ ஒன்றரை லட்சத்துக்கும் மேல கட்டுரைகள். ஒவ்வொரு மொழி விக்கியும் தன் விதியைத் தானே முடிவு பண்ணிக்கலாம். ஆங்கிலக்காரங்க அவங்க வீட்டுக் குப்பையைக் கூட்ட எழுதின விதியை நாம அப்படியே நகலெடுத்து ஒட்டணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. அவங்க பிரச்சினை கட்டுரை ரொம்ப ஜாஸ்தி. நம்ம பிரச்சினை அதுவா?

நமக்கும் ஒரு குட்டு

கடைசியா நம்ம பக்கத்துத் தப்பு. நாம இவங்களைப் பத்தி எழுதும்போது எப்பவும் வறுமையை மட்டும்தான் எழுதுறோம். வெறுங்கால், பாட்டி, கூலி வேலை, கண்ணீர், முற்றும். நானும் மேல அதையேதான் பண்ணியிருக்கேன், திரும்பப் படிச்சுப் பாருங்க. 200 மீட்டர்ல இருந்து எப்போ 400க்கு மாறினாங்க, எந்த வருஷம் எவ்வளவு நேரம், கோலை வாங்குற இடத்துல எவ்வளவு விநாடி போச்சு, யாரு பயிற்சி, எந்த மைதானம். இதையெல்லாம் நாம கேக்கிறதே இல்ல. கண்ணீரை மட்டும் எழுதி வெச்சா நாளைக்கு ஒருத்தன் வந்து "இது கலைக்களஞ்சியமா, வார இதழ் தொடரா"ன்னு கேக்கத்தான் செய்வான். எங்க ஊர்ப் பக்கம் தாமரைக்குப்பம் ஜீரோ பாயிண்டுக்கு வர்ற கிருஷ்ணா தண்ணியை எத்தனை கன அடின்னு அளந்து எழுதி வைக்கிறாங்க. ஓடுற பொண்ணுங்களுக்கும் அந்த அளவு கவனிப்பு வேணும்.

அதனால பதிவர்களே, உங்க ஊர்ல, உங்க கல்லூரியில மாநில அளவுக்கு மேல ஓடினவங்க, எறிஞ்சவங்க, தூக்கினவங்க இருந்தா, ஒரு ஞாயித்துக்கிழமை போய் உக்காந்து பேசுங்க. பழைய சான்றிதழைப் பாருங்க. கல்லூரி ஆண்டு மலரைத் தேடுங்க. பத்திரிகைத் துண்டு இருந்தா தேதியோட குறிச்சு வைங்க. நாளைக்கு யாராவது "ஆதாரம் எங்க"ன்னு கேட்டா கையில இருக்கணும்.

இன்னும் ஒரு பாக்கி. நண்பனோட ரிஜெக்ட் பீஸ் உதாரணம். நேத்து ராத்திரி போன் பண்ணிக் கேட்டேன்.

"மச்சி, உங்க கம்பெனியில ஓகே ஆன பீஸுக்கு என்ன எழுதுவீங்க?"

"என்ன எழுதுறது, ஒரு டிக்கு."

"ரிஜெக்ட் ஆன பீஸுக்கு?"

"அதுக்கு ஒரு முழு ரிப்போர்ட் போடணும்டா. எந்த மெஷின், எந்த ஷிப்ட், எத்தனை மைக்ரான் விலகல், ஏன் ஆச்சு, அடுத்த தடவை என்ன பண்ணணும்..."

சொல்லிக்கிட்டே வந்தவன் நடுவுல நிறுத்திட்டான். அப்புறம், "போடா டேய், தூங்க விடு"ன்னு வெச்சுட்டான்.

பி.கு 1: அக்கா பொண்ணு செயல்திட்டத்தை முடிச்சுட்டா. நாலு பேர் பேரையும் எழுதி, 3:19.93ஐயும் எழுதி, பக்கத்துலயே தன்னோட 400 மீட்டர் நேரத்தையும் எழுதியிருக்கா. ஏன்னு கேட்டேன். "எவ்ளோ வித்தியாசம்னு பாக்கத்தான் மாமா"ங்கிறா. மார்க்கு இன்னும் வரல.

பி.கு 2: ஆசிய சாதனைன்னு சொன்னேனே, அந்த 3:00.25, அது இப்போ இல்ல. 2022லயே ஜப்பான் அதை உடைச்சுடுச்சு, 2023ல புடாபெஸ்ட்ல இந்திய அணி அதையும் தாண்டி 2:59.05 ஓடிச்சு. அந்த அணியில திருவாரூர் மாவட்டத்துக்காரர் ராஜேஷ் ரமேஷும் ஒருத்தர். இறுதிப் போட்டியில அஞ்சாவது. பதக்கம் இல்ல :-)